மெலங்கோலியாவின் வேரைத் தேட இரண்டு இலவச அகராதித் தளங்கள்: லோகெயோன், பெர்சியஸ் – மதிப்பாய்வு

ஆழ்ந்த துயரத்துக்குக் கிரேக்கம் உலகுக்குக் கொடுத்த சொல் மெலங்கோலியா. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுக்கும் மாணவர், உளவளத்துணை படிப்போர், மொழிபெயர்ப்பாளர், கவிதை எழுதுவோர் என்று கொழும்பில் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பல வகை. இணையத்தில் தேடினால் ‘கரும்பித்தம்’ என்று ஒரு வரிப் பதில் உடனே வந்துவிடும். அது பிழையில்லை, ஆனால் பாதிப் பதில். கரும்பித்தம் எப்படித் துயரமானது, இடையில் அந்தச் சொல் வேறு என்னவெல்லாம் குறித்தது என்பதை அறிய ஒரு சதமும் செலவில்லாமல் இரண்டு தளங்கள் இருக்கின்றன. ஒன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் லோகெயோன். மற்றது 1980களில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பெர்சியஸ் மின்நூலகம். லோகெயோனில் சொல்லைத் தேடுங்கள், பெர்சியஸில் மூல வரியைப் பாருங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. இரண்டிலும் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் ஓரளவுக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும், கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு தளங்களுக்கும் முதுகெலும்பு ஒரே அகராதி. ஒக்ஸ்ஃபர்டில் லிடெலும் ஸ்கொட்டும் தொகுத்து 1843இல் முதலில் வெளியிட்ட கிரேக்க–ஆங்கிலப் பேரகராதி அது. ஹென்றி ஸ்டுவார்ட் ஜோன்ஸ் திருத்திய ஒன்பதாம் பதிப்பு 1940இல் நிறைவு பெற்றது. மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து எல்எஸ்ஜே என்பார்கள். தளங்களில் இருப்பது இந்த ஒன்பதாம் பதிப்புதான். லோகெயோன் அதோடு வேறு பல அகராதிகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. பெர்சியஸில் அகராதியோடு மூல நூல்களும் இருக்கின்றன.

முதல் தடையே தட்டச்சில் வரும். நாம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய எழுத்துகளை அப்படியே அடித்தால் லோகெயோன் கிரேக்கப் பக்கத்தை விட்டு இலத்தீன் பக்கம் கொண்டுபோய்விடும். அங்கே இருப்பது கிரேக்கத்திலிருந்து இலத்தீன் கடன் வாங்கிய வடிவம். அதுவும் உதவும்தான், ஆனால் மூலம் அதுவல்ல. கிரேக்க எழுத்துக்கு மாறினாலும், ‘மெலன்’ என்று னகரத்துக்குரிய ‘நு’ எழுத்தைப் போட்டால் சொல் அகப்படாது. காரணத்தைத் தமிழ் இலக்கணம் படித்தவர் உடனே பிடித்துக்கொள்வார். மெலன் என்றால் கருமை, கோலே என்றால் பித்தம். இரண்டும் சேரும்போது பின்னால் நிற்கும் ககரத்துக்கு இனமாக முன்னால் உள்ள மெல்லினம் திரிகிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆவது போல, மெலன் கோலேயோடு சேர்ந்து மெலங்கோலியா ஆகிறது. நமக்கு ங் என்று தனி எழுத்து உண்டு. கிரேக்கத்தில் அது இல்லாததால் ‘காமா’ எழுத்தையே ங் ஒலிக்கும் எழுதுகிறார்கள். ஆகவே தேடும்போது நு அல்ல, காமா போட வேண்டும். அடுத்து வருவது ‘கப்பா’ அல்ல, மூச்சோடு ஒலிக்கும் ‘கீ’. ஆங்கிலத்தில் சி-யும் எச்-உம் சேர்த்து எழுதுவது இந்த ஒற்றை எழுத்தைத்தான்.

கைத்தொலைபேசியில் கூகுள் விசைப்பலகை பாவிப்பவர்கள் அமைப்புகளில் மொழிகள் என்ற பகுதிக்குப் போய்க் கிரேக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவது போலவே அதற்கும் மாறலாம். கணினியில் விண்டோஸின் மொழி அமைப்பில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, ஆங்கில விசைகளில் இந்த வரிசையை அடியுங்கள்: எம், ஈ, எல், ஏ, ஜி, எக்ஸ், ஓ, எல், ஐ, ஏ. கிரேக்க எழுத்தில் மெலங்கோலியா வந்துவிடும். ஜி விசையில் காமாவும் எக்ஸ் விசையில் கீயும் இருக்கின்றன. விசைப்பலகை சேர்க்க விருப்பமில்லாதவர்களுக்குப் பெர்சியஸ் இன்னும் இலகு. அது பீட்டா கோட் என்ற முறையை ஏற்கிறது, அதாவது கிரேக்கத்தை ஆங்கில எழுத்துகளாலேயே எழுதும் முறை. இந்தச் சொல்லுக்கு அங்கேயும் மேலே சொன்ன அதே பத்து விசைகள்தான். அழுத்தக்குறி போட விரும்பினால் ஐக்குப் பின்னால் ஒரு சாய்கோடு. எல்லாச் சொல்லுக்கும் இந்த ஒற்றுமை கிடையாது என்பதைக் கவனியுங்கள். ‘தீட்டா’ எழுத்து விசைப்பலகையில் யூ விசையில் இருக்கிறது, பீட்டா கோட்டில் அதற்கு க்யூ அடிக்க வேண்டும். ‘ஒமேகா’ விசைப்பலகையில் வீ, பீட்டா கோட்டில் டபிள்யூ.

பதிவு திறந்ததும் பலர் ஏமாறுவார்கள், ஏனென்றால் மெலங்கோலியா என்ற பெயர்ச்சொல்லுக்கு எல்எஸ்ஜே தரும் பதிவு சின்னது. பொருளாக நிற்கும் ஆங்கிலச் சொல்லும் பழையது. ‘அட்ராபிலியஸ்’ என்ற குடும்பத்துச் சொற்களைப் பாவித்திருப்பார்கள். இலத்தீனில் ஆட்ரா பீலிஸ் என்றால் அதுவும் கரும்பித்தம்தான். இங்கே நின்றுவிட்டால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வருவீர்கள். நிற்காமல் பக்கத்திலுள்ள உறவுச் சொற்களையும் திறக்க வேண்டும். மெலங்கோலோஸ் என்ற பெயரடை, மெலங்கோலாவோ என்ற வினை, மெலங்கோலிகோஸ் என்ற இன்னொரு பெயரடை ஆகிய மூன்றும் அகரவரிசையில் அருகருகே இருக்கின்றன. சொல்லின் வரலாறு இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

இனிச் சுருக்கக் குறிகள். எல்எஸ்ஜேயில் மாணவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. ஏ-ஆர் என்று இரண்டே எழுத்து வந்தால் அரிஸ்டோபனீஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர். ஏ-ஆர்-ஐ-எஸ்-டீ என்று நீண்டால்தான் அரிஸ்டோட்டில். எச்-பி என்பது மருத்துவர் ஹிப்போக்கிரட்டீஸ். எஸ் மட்டும் வந்தால் சோஃபொக்ளீஸ். மிகப் பெரிய பொறி பி-எல் என்பதில் இருக்கிறது. ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் அது பிளேட்டோ. அரிஸ்டோபனீஸின் பெயருக்குப் பின்னால் நூற்பெயராக வந்தால் அது அவருடைய ‘புளூட்டோஸ்’ நாடகம். மெலங்கோலாவோ வினைக்குக் கீழே இந்த இரண்டு பி-எல்களும் அடுத்தடுத்து வருவதால், அரிஸ்டோபனீஸின் வரியைப் பிளேட்டோவின் தலையில் கட்டிவிடுவது மிக இலகுவாக நடக்கும். எண்களுக்கும் ஒரு முறை உண்டு. பிளேட்டோவுக்கு வரும் 268 ஈ போன்ற எண் 1578ஆம் ஆண்டு ஸ்டெஃபானுஸ் பதிப்பின் பக்கமும் பகுதியும். அரிஸ்டோட்டிலுக்கு வரும் 953 ஏ 10 போன்ற எண் 1831இல் வந்த பெக்கர் பதிப்பின் பக்கம், பத்தி, வரி. எந்தப் பதிப்பை எடுத்தாலும் பெரும்பாலும் ஓரத்தில் இந்த எண்கள் இருக்கும்.

இப்படிச் சுட்டப்படும் இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனால்தான் இந்தத் தளங்களின் பெறுமதி தெரியும். மெலங்கோலோஸ் பெயரடைக்கு சோஃபொக்ளீஸின் ‘திராக்கீனியப் பெண்கள்’ நாடகத்தின் 573ஆம் வரி சான்று. அங்கே துயரமும் இல்லை, நோயும் இல்லை. ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பின் கருநஞ்சில் தோய்ந்த ஹெராக்ளீஸின் அம்புகளுக்கு அடைமொழியாக அச்சொல் வருகிறது. வினைச்சொல்லைப் பாருங்கள். அரிஸ்டோபனீஸ் ‘பறவைகள்’ 14ஆம் வரியிலும் ‘புளூட்டோஸ்’ 12, 366ஆம் வரிகளிலும் அதைப் பாவிக்கிறார். பிளேட்டோ ‘ஃபைட்ரஸ்’ 268 ஈ-யில் பாவிக்கிறார். எல்லா இடத்திலும் பொருள் பைத்தியம் பிடித்திருப்பது என்பதுதான். ஏதென்ஸ் தெருவில் ஒருவரை ஒருவர் ஏசப் பாவித்த சொல் அது. கொழும்பில் மனநல மருத்துவமனை இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப் பெயரை எடுத்துச் சிலர் ஏசுகிறார்களே, அதே வேலையை அங்கே இந்த வினை செய்திருக்கிறது. அந்தப் பழக்கம் நோயாளிகளை எவ்வளவு புண்படுத்துகிறது என்பது வேறு விடயம், ஆனால் சொல்லாமல் விட முடியாத விடயம்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பொருள் மாற்றம் அந்நியமாக இராது. பித்தம் உடலில் ஊறும் நீர், பித்து மனத்தின் நிலை, பித்தன் அந்த நிலையில் உள்ளவன். ‘பித்தா பிறைசூடீ’ என்று சுந்தரர் பாடியதும் அந்தச் சொல்லைக் கொண்டுதான். கிரேக்கத்திலும் அதே படிகள். கோலே பித்தம், மெலங்கோலாவோ பித்துப் பிடித்தல். ஒரு மொழி மற்றதைப் பார்த்து எழுதியது என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். உடலின் நீர்கள் மனத்தை ஆள்கின்றன என்று நம்பிய இரண்டு மருத்துவ மரபுகள் ஒரே வழியில் சொல் ஆக்கியிருக்கின்றன. வேறுபாடும் உண்டு. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என மூன்று. கிரேக்கத்தில் குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு. நான்கையும் ஒழுங்காக வரிசைப்படுத்தும் ‘மனித இயல்பு’ என்ற நூல் ஹிப்போக்கிரட்டீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவருடைய மருமகன் பொலிபஸ் எழுதியதாகக் கருதப்படும் நூல் அது.

சரி, துயரம் எங்கே வந்து சேர்கிறது? எல்எஸ்ஜே சுட்டும் ஹிப்போக்கிரட்டீஸ் தொகுப்பின் பகுதிகளுக்குப் போக வேண்டும். ‘காற்று, நீர், இடங்கள்’ என்ற நூலின் 10ஆம் பிரிவு பருவகாலம் பற்றியது. வறண்ட காலத்தில் பித்த உடம்புக்காரரிடம் பித்தத்தின் நீர்த்தன்மையுள்ள பகுதி வற்றிப்போய், மிகக் கெட்டியானதும் காரமானதும் மட்டும் எஞ்சுகிறது, அதனால் சிலருக்கு மெலங்கோலியா வருகிறது என்கிறது அந்தப் பகுதி. அடுப்பில் குழம்பு வற்றி அடிப்பிடிப்பதைப் போன்ற விளக்கம். ‘முதுமொழிகள்’ நூலின் 6ஆம் பகுதி 23ஆம் வாக்கியம் இன்னும் முக்கியமானது. அச்சமும் மனவாட்டமும் நெடுநாள் நீடித்தால் அது மெலங்கோலிய நிலை என்று அது சொல்கிறது. இந்த வாக்கியத்தில் மனவாட்டத்துக்கு நிற்கும் சொல் மெலங்கோலியா அல்ல, டிஸ்தீமியா. தீமோஸ் என்றால் உள்ளம், டிஸ் என்றால் கெட்ட, தாழ்ந்த. ஆக, இங்கே துயரம் என்பது அறிகுறி, மெலங்கோலியா என்பது அந்த அறிகுறிக்குக் காரணமாகக் கருதப்பட்ட உடல்நிலை. பின்னாளில் காரணத்தின் பெயர் அறிகுறிக்கே ஒட்டிக்கொண்டது. இந்த ஓர் இடத்தைப் பார்க்காமல் ‘மெலங்கோலியா என்றால் துயரம்’ என்று எழுதுவது அரைகுறையாகவே இருக்கும்.

அதே வாக்கியத்தின் இரண்டு சொற்களும் இன்று மனநல மருத்துவரின் கையேட்டில் உயிரோடு இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு நீடித்த மிதமான மனச்சோர்வுக்கு டிஸ்தீமியா என்ற பெயரைப் பாவித்தது. 2013 பதிப்பிலும் அப்பெயர் துணைப் பெயராக நிற்கிறது. கடும் மனச்சோர்வின் ஒரு வகையைக் குறிக்க ‘மெலங்கோலியப் பண்புகள்’ என்ற அடைமொழியும் உண்டு. உளவளத்துணை மாணவர்கள் இவ்விரண்டையும் ஒன்றென்று எழுதிவிடக் கூடாது. இந்தச் சொல்லைத் தனக்காகவே தேடுகிறவரும் இருப்பார். அவருக்கு அகராதி போதாது. இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

அரிஸ்டோட்டிலின் பெயரில் வழங்கும் ‘சிக்கல்கள்’ நூலின் 30ஆம் பகுதிக்கும் தனியாகப் போய்ப் பாருங்கள். மெய்யியலிலோ அரசியலிலோ கவிதையிலோ கலையிலோ சிறந்த மனிதரெல்லாம் ஏன் மெலங்கோலிகோஸ் ஆக இருக்கிறார்கள் என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. இடம் 953 ஏ 10. அரிஸ்டோட்டில் தானே எழுதியதல்ல, அவர் வழி வந்தோர் எழுதியது என்பதே அறிஞர் பலரின் கருத்து. ‘துயரமும் மேதைமையும்’ என்று இன்று யார் பேசினாலும் மூலம் இங்கேதான் இருக்கிறது.

தவறிப் போய்ச் சேர்ந்தாலும் லோகெயோனின் இலத்தீன் பக்கத்தை வீணென்று மூடிவிடாதீர்கள். அங்கே இருக்கும் லூயிஸ்–ஷோர்ட் அகராதி 1879இல் வந்தது. உரோம எழுத்தாளர் சிசரோவின் ‘டஸ்குலத்து உரையாடல்கள்’ நூலில் இரண்டு இடங்கள் நமக்கு வேண்டியவை. மேதைகளெல்லாம் மெலங்கோலியர் என்ற அரிஸ்டோட்டிலின் கூற்றை ஓரிடத்தில் எடுத்துச் சொல்கிறார். இன்னோரிடத்தில், நாம் ஃபுரோர் என்பதைக் கிரேக்கர் மெலங்கோலியா என்கிறார்கள், கரும்பித்தம் மட்டும்தான் மனத்தைக் கலக்குமா, கடுங்கோபமும் பயமும் துக்கமும் கலக்குவதில்லையா என்று கேட்கிறார். ஃபுரோர் என்றால் வெறி. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில்கூட இச்சொல் துயரத்தைவிட வெறிக்கே நெருக்கமாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. எண் பற்றி ஒரு கவனிப்பு: பழைய அகராதி 3, 5, 11 என்று மூன்று எண்களைத் தரும், புதிய பதிப்புகள் 3.11 என்று இரண்டைத் தரும். இரண்டும் ஒரே இடம். நடு எண் பழைய அதிகாரப் பிரிப்பு.

குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, சொல்லின் தொல்மூலம் இவற்றில் கிடைப்பது அரிது. கருமையும் பித்தமும் சேர்ந்தது என்பதோடு எல்எஸ்ஜே நிறுத்திக்கொள்ளும். கோலே என்பதற்கு மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தைக் குறிக்கும் ஓர் இந்தோ–ஐரோப்பிய வேர் இருப்பதும், ஆங்கிலத்தில் பித்தத்துக்குரிய ‘கோல்’, மஞ்சளுக்குரிய ‘யெலோ’ ஆகியவை அதன் உறவு என்பதும் இங்கே தெரியவராது. வேரை வைத்துப் பார்த்தால் மெலங்கோலியா ‘கறுத்துப்போன மஞ்சள்’ ஆகிறது. பித்தம் வற்றிக் கெட்டியாகும் ஹிப்போக்கிரட்டீஸ் விளக்கத்தோடு அது பொருந்திப் போவது அழகு. இதற்கு வேண்டியது சொற்பிறப்பியல் அகராதி. ரொபர்ட் பேக்கெஸ் தொகுத்து 2010இல் பிரில் பதிப்பகம் வெளியிட்டது ஆங்கிலத்தில் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் விக்சனரியில் தொடங்கி, அது சுட்டும் நூலோடு சரிபார்த்துக்கொள்ளலாம். மெலிதல், மெல்ல என்ற தமிழ்ச் சொற்களோடு மெலங்கோலியாவை முடிச்சுப் போட வேண்டாம். ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு குறை நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துவது. கிரேக்கத்திலிருந்து அரபுக்குப் போன பாதை இந்தத் தளங்களின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எபேசு நகரக் கிரேக்க மருத்துவர் ரூஃபஸ் மெலங்கோலியா பற்றி எழுதிய நூல் அரபு மருத்துவர்களுக்குப் பெரும் ஆதாரமாக இருந்தது. அதன் வழியில் இன்றைய துனீசியாவிலுள்ள கைரவானில் இஸ்ஹாக் இப்னு இம்ரான் அரபியில் தனி நூல் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்டன்டைன் என்ற ஆபிரிக்கர் அதை இலத்தீனாக்கினார். அரபியில் நோயின் பெயர் மாலீகூலியா. அது கிரேக்க ஒலியே. கரும்பித்தத்துக்கு சவ்தா, அதாவது கருமை. யூனானி மருத்துவம் இன்றும் சவ்தா, சஃப்ரா, பல்கம், தம் என்ற நான்கைக் கொண்டே பேசுகிறது. இராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் யூனானி படிக்கும் தமிழ் பேசும் மாணவர் பாடத்தில் சந்திக்கும் மாலீகூலியாவும், கிரேக்க உரோம நாகரிகம் படிக்கும் மாணவர் சந்திக்கும் மெலங்கோலியாவும் ஒரே சொல். இதை லோகெயோனில் தேடிப் பயனில்லை.

அச்சு நூல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முழு எல்எஸ்ஜே இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவு ஒரு சொல்லுக்காகத் தேவையற்றது. 1889இல் வந்த இடைநிலைச் சுருக்கப் பதிப்பை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம். அதில் ஆசிரியர் பெயர் இருக்கும், இடத்தின் எண் இருக்காது. அதே பதிப்பு லோகெயோனிலும் இருக்கிறது. சின்னதாக இருப்பதால் பலர் அதை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எல்எஸ்ஜேயைத் தவறாமல் திறவுங்கள். 2021இல் இரண்டு தொகுதிகளாக வந்த கேம்பிரிட்ஜ் கிரேக்க அகராதியின் ஆங்கிலம் இன்றைய ஆங்கிலம், பொருள் பிரிப்பும் தெளிவு. ஆனால் அதுவும் ஆசிரியரைச் சொல்லி இடத்தைச் சொல்லாமல் விடும் நூல். களனிப் பல்கலைக்கழகத்தில் மேலைச் செந்நெறிப் பண்பாடு படிப்பவர் போன்றோருக்கு அது உதவும். மூல வரியைத் தேடிப் போகிறவருக்கு இலவசத் தளமே மேல்.

பெர்சியஸில் நீல நிறத்தில் தெரியும் சுட்டுகள் எல்லாம் திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த நூல் அங்கே ஏற்றப்பட்டிருந்தால்தான் திறக்கும். திறக்காதபோது ஆசிரியர், நூல், எண் மூன்றையும் குறித்துக்கொண்டு வேறு தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடலாம். கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது இணைய முகவரியை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாமல் ‘ஹிப்போக்கிரட்டீஸ், முதுமொழிகள் 6.23’, ‘அரிஸ்டோபனீஸ், புளூட்டோஸ் 366’ என்று நூலின் எண்ணையும் எழுதுங்கள். முகவரி மாறலாம். அந்த எண்ணைக் கொண்டு வாசிகசாலையில் இருக்கும் எந்தப் பதிப்பிலும் அதே வரியைப் பரீட்சகர் சரிபார்த்துக்கொள்வார்.